ஆறாம் நாள் மாலை அணைந்த அடுப்பு: ஒரு பாய்மரப் படகுச் சமையற்கட்டின் நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

மூன்று பேர் ஒரு சிறிய பாய்மரப் படகில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த 21 நாட்களின் பதிவு இது. புயல் அடிக்கவில்லை, மீட்புக் கப்பல் வரவில்லை, யாருக்கும் காயமில்லை. செய்தித்தாளில் இடம்பிடிக்கும் தகுதி இதற்குக் கிடையாது. ஆனால் எரிவாயுவைக் கைவிட்டு, வெயிலையும் காற்றையும் நம்பிக் கடலில் சமைத்து வாழப் புறப்பட்டவர்கள் எந்த இடத்தில் கணக்கைத் தவறவிட்டார்கள் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

படகின் நாட்குறிப்பு, சமையற்கட்டில் பென்சிலால் எழுதிய ஒரு நோட்டு, பேட்டரி மீட்டரில் பதிவாகியிருந்த எண்கள் ஆகிய மூன்றையும் அவர்கள் என்னிடம் கொடுத்தார்கள். பயணம் முடிந்தபின் ஒரு வாரம் அதே படகில் தங்கி மூவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன். நடுநடுவே வரும் கருத்துகள் என்னுடையவை; அவற்றில் சிலவற்றை அவர்கள் இன்றும் ஏற்கவில்லை.

பின்னணி

படகு 38 அடி நீளம். படகுத் தலைமை மனைவியிடம். மின்சாரக் கணக்கு, வழி, வானிலை எல்லாம் அவர் பொறுப்பு. சமையற்கட்டும் சேமிப்பறையும் கணவருடையவை. மூன்றாமவர் இருவருக்கும் பழைய நண்பர். இரவுக் காவலைப் பங்கிட்டுக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டதால் இந்தப் பயணத்துக்கு மட்டும் வந்தவர்.

தம்பதி இரண்டு ஆண்டுகளாகப் படகிலேயே வாழ்கிறார்கள். தண்ணீரைக் காலால் மிதித்து இறைக்கும் பம்பு, உப்புநீருக்குத் தனிக் குழாய், அட்டைப் பெட்டிகளைக் கரையிலேயே விட்டுவிடும் பழக்கம் (அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வரும்) என நல்ல வழக்கங்கள் ஏற்கெனவே படிந்திருந்தன. புதிதாக வாழக் கற்றுக்கொள்பவர்கள் செய்யும் பிழைகள் இதில் இல்லை. தேர்ந்தவர்கள் செய்த பிழைதான் இருக்கிறது.

கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,700 கடல் மைல். டிசம்பர் தொடக்கத்தில் கிளம்பினார்கள். சூறாவளிப் பருவம் முடிந்து, வடகிழக்கு வியாபாரக் காற்று நிலைபெறும் காலம் என்பதால் பெரும்பாலான படகுகள் அந்த மாதங்களைத்தான் தேர்ந்தெடுக்கின்றன.

எரிவாயு அடுப்பைக் கழற்றிய முடிவு

கிளம்புவதற்கு நான்கு மாதம் முன்பு, பழைய எரிவாயு அடுப்பையும் சிலிண்டர்களையும் கழற்றிவிட்டு இரட்டை இண்டக்‌ஷன் அடுப்பு பொருத்தினார்கள். காரணங்கள் மூன்று. முதலாவது பாதுகாப்பு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் வீட்டில் போல ஜன்னல் வழியே போய்விடாது, படகின் அடிவயிற்றில் குளம்போல் தேங்கும். அங்கே ஒரு பம்பு சுவிட்சின் பொறி போதும். இரண்டாவது, சிலிண்டர் இணைப்புகள் நாட்டுக்கு நாடு மாறுவதால் ஊர் ஊராக அலைந்து நிரப்ப வேண்டியிருக்கிறது. மூன்றாவது, மண்ணடி எரிபொருளை எரிக்க வேண்டாம் என்ற விருப்பம்.

முதல் இரண்டையும் நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பேட்டரி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 400 ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 5 யூனிட் மின்சாரம் தேங்கும். பின்புறச் சட்டத்தின் மேல் 600 வாட் சோலார் பேனல்கள், கூடவே ஒரு சிறு காற்றாலை. கடல்நீரை அழுத்திப் படலத்தின் வழியே வடித்து நன்னீராக்கும் கருவி ஒன்றும் இருந்தது.

அடுப்பு பொருத்திய விதத்தில் ஒரு சிறு விஷயம். படகு சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாக நிற்கும்படி இரு முனைகளில் தொங்கும் சட்டம் ஒன்று படகுச் சமையற்கட்டில் இருக்கும். பழைய அடுப்புக்கு அடியில் கனமான ஓவன் தொங்கியதால் அந்த ஆட்டம் நிதானமாக இருந்தது. புதிய அடுப்பு வெறும் கண்ணாடித் தகடு. அதன்மேல் நிரம்பிய பாத்திரம் ஏறினால் கனமெல்லாம் மேலே, அடியில் ஒன்றுமில்லை. அதை ஈடுகட்ட, மூழ்குபவர்கள் இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளை 8 கிலோ அளவுக்கு அடியில் திருகினார்கள். பாத்திரத்தை இறுக்கிப் பிடிக்கும் பழைய கவ்விகள் புதிய தகட்டுக்குப் பொருந்தவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்தார்கள். நான் படகில் தங்கியபோது அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். கவ்விகள் பளபளவென்று துருவில்லாமல் இருந்தன.

நங்கூரத்தில் எடுத்த கணக்கு

ஆகஸ்ட் மாதம் ஒரு விரிகுடாவில் நங்கூரமிட்டுப் பத்து நாட்கள் சோதித்தார்கள். சோலாரிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 2.6 யூனிட் வந்தது. செலவு 2.1. சமையலுக்கு மட்டும் 1 யூனிட், குளிர்பெட்டிக்கு 0.6, மீதி நன்னீர்க் கருவி, விளக்கு, சில்லறைச் செலவுகள். பத்து நாளும் பேட்டரி மதியத்துக்குள் நிரம்பியது.

பயணத்துக்கான கணக்கை மனைவி இதன்மேல் கட்டினார். சுக்கானைத் தானே திருப்பிப் படகைத் திசையில் வைக்கும் ஆட்டோபைலட் சராசரியாக 2 ஆம்பியர் இழுக்கும் என்று ஒரு அமைதியான நாளில் அளந்து வைத்திருந்தார், அதற்கு 0.6 யூனிட். திசைகாட்டி, கப்பல்களை அறியும் கருவி, இரவு விளக்குக்கு 0.4. செலவு மொத்தம் 3.1. வரவு, சோலார் 2.6, காற்றாலை 0.6, ஆக 3.2. நோட்டில் இந்த வரிக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருக்கிறார். கூட்டல் சரிதான். கூட்டப்பட்ட எண்கள் வேறொரு படகுடையவை, நின்றுகொண்டிருக்கும் படகுடையவை.

முதல் ஐந்து நாட்கள்

முதல் இரண்டு நாள் இளங்காற்று, நல்ல வெயில். பேட்டரி கொஞ்சம் இறங்கியது, யாரும் கவலைப்படவில்லை. மூன்றாம் நாள் வியாபாரக் காற்று முழு வலுவோடு வந்தது. நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியிருப்பது: "24 மணி நேரத்தில் 146 மைல். அருமை." அதே நாளில் சமையற்கட்டு நோட்டில்: "மாலைக்குள் 48 சதவீதம். ஏன்?"

ஏன் என்பதற்கு மூன்று விடைகள் இருந்தன. மூன்றும் படகு நகர்வதிலிருந்து பிறந்தவை.

காற்றாலை ஏமாற்றியது. பின்னாலிருந்து வீசும் காற்றோடு படகும் ஓடுகிறது. 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) காற்றில் 6 நாட் வேகத்தில் ஓடினால் காற்றாலைக்குப் படுவது 12 நாட் காற்றுதான். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுவதால், மூன்றில் ஒரு பங்கு வேகம் குறைந்தால் எழுபது சதவீத ஆற்றல் போய்விடும். திட்டமிட்ட 0.6 யூனிட்டுக்குப் பதிலாக 0.2 கிடைத்தது. நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றை எதிர்கொண்டு நிற்கும். அங்கே காற்றாலை நன்றாகத்தான் சுற்றியது.

சோலார் பாதியாகக் குறைந்தது. டிசம்பரில் கதிரவன் தெற்கே தாழ்ந்து செல்கிறது. படகு மேற்கே போகிறது, காற்று வலப்பக்கப் பின்மூலையிலிருந்து வருகிறது, ஆகவே பெரும்பாய் இடப்புறம், அதாவது தென்புறம், விரிந்து நிற்கிறது. வெயில் வரும் பக்கத்தில் பாயே சுவராகிவிடுகிறது. மதியத்துக்குப் பிறகு கதிரவன் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, முன்னால் இறங்கும். பின்புறப் பேனல்கள்மேல் பாய்களின் நிழல் முழுதாக விழும். பேனலில் ஒரு மூலை நிழலில் இருந்தாலும் அந்த மூலைக்குரிய பங்கைவிட அதிகமான மின்சாரம் போய்விடும். கணவர் ஒரு பிற்பகல் நிழலின் ஓரத்தைப் பேனலில் சாக்குக்கட்டியால் குறித்து வைத்தார். படகு ஆடும்போது அந்த நிழல் கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் ஊசல்போலப் போய்வந்தது. மீட்டரில் எண் 240, 60, 240, 60 என்று துள்ளியது. நாள் வரவு 1.3 யூனிட்.

ஆட்டோபைலட் இரட்டிப்பாகத் தின்றது. பின்னாலிருந்து புரளும் அலைகள் ஒவ்வொன்றும் படகின் வாலைத் தள்ளிவிடும். ஒவ்வொரு தள்ளலுக்கும் சுக்கானை இழுத்துத் திருத்த வேண்டும். 2 ஆம்பியர் என்று எழுதிய இடத்தில் சராசரி 4 ஆனது.

ஆக, வரவு 1.5, செலவு 3.7. நாளுக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் துண்டு விழுந்தது.

அவர்கள் செய்ததும் எவரும் செய்வதுதான்: எஞ்சினை ஓட விட்டார்கள். மூன்றாம் நாள் ஒன்றரை மணி நேரம், நான்காம், ஐந்தாம் நாட்களில் இரண்டிரண்டு மணி நேரம். லித்தியம் பேட்டரி கொடுத்ததையெல்லாம் விழுங்கும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகாமலிருக்க வரவைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். அதனால் ஒரு மணி நேரத்துக்கு 0.7 யூனிட், அதற்கு ஒன்றரை லிட்டர் டீசல்.

இங்கேதான் மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். ஒன்றரை லிட்டர் டீசலில் ஏறத்தாழ 15 யூனிட் வெப்பம் இருக்கிறது. அதில் அடுப்புக்கு வந்து சேர்ந்தது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கழற்றி வீசிய எரிவாயு அடுப்போ, எரித்த வெப்பத்தில் பாதியை ஒட்டிய அளவைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும். ஐந்தாம் நாள் இரவு அவர்கள் சமைத்தது டீசலில்தான். இடையில் பல கம்பிகள் இருந்ததால் அது கண்ணில் படவில்லை.

ஆறாம் நாள் மாலை

மாலை ஆறரை. மீட்டர் 21 சதவீதம் காட்டியது. கணவர் ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரில் பருப்பும் பூசணியும் போட்டு மூடி, அடுப்பை முழு வேகத்தில் வைத்தார். அந்த வேகத்தில் அடுப்பு 1,800 வாட் இழுக்கும். பேட்டரியிலிருந்து அது 150 ஆம்பியருக்கு மேல்.

சிறிது நேரத்தில் எல்லாம் அணைந்தது. அடுப்பு, விளக்கு, குளிர்பெட்டியின் முனகல், திசைகாட்டித் திரை, ஆட்டோபைலட், எல்லாம். பேட்டரியின் காப்புச் சுற்று தன்னைத் தானே துண்டித்துக்கொண்டது.

சுக்கானைப் பிடிக்க ஆளில்லாத படகு காற்றை நோக்கித் திரும்பி அலைக்குக் குறுக்கே விழுந்தது. பெரும்பாயை முன்புறம் இழுத்துக் கட்டியிருந்த கயிறு தாங்கியதால் பாய் மறுபக்கம் அடிக்கவில்லை. கீழே, ஆடும் சட்டம் ஒரு பக்கம் போய் முட்டி நின்றது. குக்கர் கண்ணாடித் தகட்டில் வழுக்கி, விளிம்புக் கம்பியைத் தாண்டித் தரையில் விழுந்தது. மூடி பூட்டியிருந்ததால் உள்ளிருந்தது உள்ளேயே இருந்தது. கணவர் அந்த நேரத்தில் தட்டு எடுக்க ஓரடி தள்ளி நின்றார். தரைப்பலகையில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், நகம் மறையும் ஆழம்.

நண்பர் மேல்தளத்தில் இருந்தார். நாற்பது வினாடிக்குள் சுக்கானைப் பிடித்துப் படகைத் திருப்பிவிட்டார். எஞ்சினுக்குத் தனிப் பேட்டரி இருந்ததால் அதைக் கிளப்ப முடிந்தது. பத்து நிமிடத்தில் விளக்கு வந்தது.

மீட்டர் 21 காட்டியபோது பேட்டரி ஏன் துண்டித்தது? அந்த மீட்டர் பேட்டரியின் உள்ளே பார்ப்பதில்லை. போவதையும் வருவதையும் எண்ணிக் கழிக்கிறது. முழுதாக நிரம்பும்போதுதான் அது தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். ஆறு நாளாகப் பேட்டரி ஒருமுறைகூட நிரம்பவில்லை. சிறுசிறு பிழைகள் சேர்ந்துவிட்டன. அதோடு, காப்புச் சுற்று கவனிப்பது சராசரியை அல்ல, உள்ளிருக்கும் செல்களில் மிக நலிந்ததை. பளு ஏறிய கணத்தில் ஒரு செல் எல்லைக்குக் கீழே போனால் போதும்.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

இரவு ஒன்பது மணிக்கு மூவரும் மேல்தளத்தில் உட்கார்ந்து, குக்கரில் பாதி வெந்திருந்த பருப்பைத் தின்றுகொண்டே பேசினார்கள். கரைக்கு இன்னும் 1,900 மைல். தொட்டியில் டீசல் 140 லிட்டர். இதேபோல் எஞ்சினை ஓட்டினால் கரை சேரலாம். அப்படியே போய்விடலாம் என்பது நண்பரின் கருத்து. துறைமுகத்துக்குள் நுழையவும், காற்று நின்றால் நகரவும், ஆபத்து வந்தால் விலகவும் வைத்த டீசல் அது, சோறாக்க வைத்ததல்ல என்பது மனைவியின் கருத்து. அவருடைய கருத்தே வென்றது.

எதை முதலில் நிறுத்துவது என்று ஒரு வரிசை போட்டார்கள். இந்த வரிசைதான் இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. கரையிலேயே எழுதியிருக்க வேண்டிய தாள் அது. இருட்டில், நெற்றி விளக்கில் எழுதினார்கள்.

குளிர்பெட்டி முதலில் போனது. உள்ளே இருந்தது பாலாடைக்கட்டி, இரண்டு நாள் இறைச்சி, வெண்ணெய். முதலில் கெடுவதை முதலில் தின்றுவிட்டுப் பெட்டியை அலமாரியாக்கினார்கள். ஆறு நாள் கெடாமலிருந்த முட்டைகளுக்குக் குளிர்பெட்டி முன்பும் தேவைப்படவில்லை. கழுவாத, குளிரூட்டப்படாத முட்டைகளாகப் பார்த்து வாங்கி, இரண்டு நாளுக்கொருமுறை கவிழ்த்து வைத்தார் கணவர். மஞ்சள்கரு ஓட்டில் ஒட்டாமல் நடுவில் நிற்க இதுவே வழி. கரை சேரும்வரை இரண்டே இரண்டுதான் கெட்டன.

அடுத்தது நன்னீர்க் கருவி. இதில் யாருக்கும் பதற்றமில்லை. தொட்டிகளில் 270 லிட்டர் இருந்தது. மூன்று பேருக்கு நாளுக்கு ஆளுக்கு 4 லிட்டர் என்றாலும் 22 நாள் வரும். கருவியை வாரம் ஒருமுறை நன்னீர் விட்டு அலசி, படலத்தில் பாசி வளராமல் வைத்தார்கள். பாத்திரம் கடல்நீரில் கழுவி, கடைசியில் தெளிப்பான் புட்டியால் நன்னீரைப் பூப்போல அடித்து உப்பைப் போக்கினார்கள். சோற்றுக்கு மூன்று பங்கு நன்னீரோடு ஒரு பங்கு கடல்நீர். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீர் என்பதால் அதற்குமேல் சேர்த்தால் வாயில் வைக்க முடியாது.

மூன்றாவது ஆட்டோபைலட். பகலில் கையால் சுக்கான் பிடிப்பது, இரவில் மட்டும் அதனிடம் விடுவது. இதற்குக் கொடுத்த விலையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கொருவராக மாறிப் பிடித்தார்கள். நான்கு நாளில் நண்பரின் கையெழுத்தே நாட்குறிப்பில் மாறிவிட்டது. எட்டாம் நாள் அவர் எழுதியது: "கப்பல் விளக்கு என்று நினைத்தேன். வெள்ளி கிரகம்." களைப்பு கடலில் உணவுப் பற்றாக்குறையைவிடச் சீக்கிரம் ஆளைக் கவிழ்க்கும்.

விளக்கு, திசைகாட்டி, கப்பல்களை அறியும் கருவி மூன்றையும் தொடவில்லை.

எஞ்சினை அன்றிரவு இரண்டு மணி நேரமும், அடுத்த ஆறு நாளும் தினம் ஒரு மணி நேரமும் மட்டும் ஓட்டினார்கள். பேட்டரி மெல்ல ஏறியது.

ஒரு குக்கர், இரண்டு கம்பளி

இண்டக்‌ஷன் அடுப்பு நின்றதும் மிஞ்சியது, கரையில் காப்பி போட வாங்கிய ஒற்றைப் பியூட்டேன் குடுவை அடுப்பு. ஆறு குடுவைகள். இதுவும் கனமான வாயுதான். குடுவைகளை வெளிப்புறமாக வடியும் மேல்தளப் பெட்டியில் வைத்தார்கள். கூரைக் கதவு திறந்திருந்தால்தான் அடுப்பைப் பற்றவைப்பது, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என்று விதி. குளியல் தொட்டியைப் போல ஆழமான கழுவுதொட்டிக்குள் அடுப்பை இறக்கி, ஈரத்துணி சுற்றி நிறுத்தினார் கணவர். அழகாக இல்லை. ஆனால் ஒருமுறையும் நகரவில்லை.

சமையல் முறை மாறியது. நாளுக்கு ஒரே கொதி. காலை பதினொரு மணிக்குக் குக்கரில் மூன்று லிட்டர் கூழ்ப்பதமான உணவு, ஆவி வந்தபின் ஏழு நிமிடம், பிறகு இறக்கி, இரண்டு கம்பளியில் சுற்றி, படுக்கைக்கும் சுவருக்கும் இடையே திணித்துவிடுவது. நெருப்பில்லாமல் அதுவாக வேகும். இறைச்சிக்கான வெப்பமானியை ஒருநாள் உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார்: மதியம் ஒரு மணிக்கு 84 டிகிரி, மாலை ஐந்து மணிக்கு 66. ஐந்து மணிக்கே இரவுணவு என்று ஆனது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கி நெடுநேரம் நின்ற சோறும் பருப்பும் கிருமிக்கு விருந்து. மிச்சமிருந்தால் மறுபடி கொதிக்க வைத்தார்கள், பெரும்பாலும் மிஞ்சவில்லை.

இந்த முறையில் ஒரு பொறி இருக்கிறது. ஒன்பதாம் நாள் சிவப்புக் கிட்னி பீன்ஸைச் சாதாரணப் பானையில் லேசாகச் சூடாக்கிக் கம்பளிக்குள் வைக்க நண்பர் முனைந்தார். கணவர் தடுத்தார். அந்தப் பயறில் உள்ள லெக்டின் நஞ்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். அரைச் சூட்டில் கிடந்தால் பச்சையாக இருந்ததைவிட வீரியம் ஏறும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். நடுக்கடலில் மூவரும் ஒரே நேரத்தில் வாந்தியெடுத்தால் சுக்கானைப் பிடிப்பது யார்?

ஆறு நாளில் செலவானது இரண்டு குடுவை, சுமார் 450 கிராம். முன்பு நாளுக்கு 1 யூனிட் கேட்ட சமையலுக்கு இப்போது அதில் பாதி போதும் என்று இதிலிருந்து தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் பேட்டரி முதல்முறையாக நிரம்பியது. மறுநாள் முதல் இண்டக்‌ஷனுக்குத் திரும்பினார்கள். ஆனால் காலைச் சமையல் வெயில் உச்சியில் இருக்கும் நேரத்துக்கு நகர்ந்தது, நிழல் பேனலைத் தொடுவதற்கு முன்பு. கம்பளி தொடர்ந்தது. வேகம் பாதியாகக் குறைந்தது: 900 வாட்டுக்கு மேல் வைப்பதில்லை.

காய்கறியில் சொல்ல அதிகமில்லை. முட்டைக்கோசும் பூசணியும் கடைசிவரை நின்றன. வெங்காயத்தையும் உருளையையும் பிரித்து வைத்தார்கள். ஆப்பிளைக் கீரைப் பக்கம் விடவில்லை, அது விடும் எத்திலீன் கீரையை மஞ்சளாக்கும். இரண்டாம் வாரத்திலிருந்து பச்சைப்பயறு முளைகட்டினார்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைக் குணமாக்கிக் காட்டினார் என்பதை மாலுமிகள் எல்லோரும் சொல்வார்கள். மூன்று வாரப் பயணத்தில் யாருக்கும் ஸ்கர்வி வராது. முளைப்பயறு கட்டியது பல்லுக்குக் கடக் என்று ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான், அதைக் கணவரே ஒப்புக்கொள்கிறார்.

மீன்

எட்டாம் நாள் தூண்டிலில் நான்கு கிலோ சூரை மாட்டியது. குளிர்பெட்டி இல்லை. இரண்டு வேளை தின்றார்கள். மீதியைக் கீற்றாக அரிந்து உப்பிட்டுக் கயிற்றில் உலர்த்தினார்கள். இரவுத் தூறலில் அது நனைந்து, மறுநாள் பிசுபிசுத்தது. சூடான காற்றில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். சமைத்தாலும் அது போகாது. முழுவதையும் கடலில் போட்டார்கள். ஒன்றரைக் கிலோ மீன், வீண்.

அதன்பின் தூண்டிலைச் சுருட்டி வைத்தார்கள், கரைக்கு முந்தைய நாள்வரை. வீணாகும் என்று தெரிந்தும் பிடிப்பது தாங்கள் பேசும் பேச்சுக்குப் பொருந்தாது என்று மனைவி நோட்டில் எழுதியிருக்கிறார்.

குப்பை

கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு சிறு படகையும் கட்டுப்படுத்துகிறது. 2013 முதல் நடப்பிலுள்ள விதியில் பொதுவாக எதையும் கொட்டக் கூடாது. உணவுக் கழிவு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அரைக்காத உணவுக் கழிவு என்றால் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால். பிளாஸ்டிக் எங்கும், எவ்வளவு தொலைவிலும் கூடாது. கரீபியன் பகுதி சிறப்புப் பகுதி. அங்கே 12 மைலுக்கு அப்பாலும் அரைத்துத்தான் போட வேண்டும்.

இவர்கள் "மக்கும்" என்று எழுதிய உறைகளில் காய்க்கழிவைக் கட்டி உறையோடு வீச நினைத்திருந்தார்கள். உடன்படிக்கை அதையும் பிளாஸ்டிக்காகவே கருதுகிறது. தொழிற்சாலைச் சூட்டில் மக்கும் உறை குளிர்ந்த கடலில் மக்காது. இதை நண்பர்தான் சுட்டிக்காட்டினார். கழிவு கடலுக்கும் உறை பைக்குமாகப் பிரிந்தன. சிறப்புப் பகுதியின் எல்லைக்குள் வந்தபின் கழிவை ஒரு மூடிய வாளியில் சேர்த்துக் கரைக்கே கொண்டுவந்தார்கள். 21 நாளின் பிளாஸ்டிக், கடல்நீரில் அலசி, கத்தரித்து, இரண்டு லிட்டர்ப் புட்டிகளில் குச்சியால் திணித்தது, மொத்தம் மூன்று புட்டி. அவற்றை எனக்குக் காட்டும்போது கணவரின் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருக்கட்டும்.

கரை சேர்ந்தபோது

21-ஆம் நாள் காலை நங்கூரம் இறங்கியது. எஞ்சின் மின்சாரத்துக்காக ஓடியது மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம், டீசல் சுமார் 20 லிட்டர். அதில் ஐந்தரை மணி நேரம் முதல் ஐந்து நாளில் போனது. தண்ணீர் பாதித் தொட்டி மிச்சம். மூன்று நாளுக்கான பருப்பும் அரிசியும், ஒரு முழுப் பூசணியும் இருந்தன. நண்பர் பதினாறு மணி நேரம் தூங்கினார்.

மாற்றியவை

முதல் மாற்றம் சமையற்கட்டில் இல்லை, படகின் வாலில். மின்சாரம் வேண்டாத, காற்றின் திசையைக் கொண்டே சுக்கானைத் திருத்தும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். அடுப்புக்கு மின்சாரம் தேடிப் போனவர்கள் கடைசியில் சுக்கானிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். படகுக்குப் பின்னால் நீரில் இழுபட்டுச் சுழலும் சிறு டர்பைன் ஒன்றையும் வாங்கினார்கள். 6 நாட் வேகத்தில் 100 வாட்டை ஒட்டிக் கிடைக்கிறது, நிழல் அதை ஒன்றும் செய்வதில்லை. வேகத்தில் கொஞ்சம் குறைகிறது.

பாத்திரக் கவ்விகள் புதிய தகட்டுக்குத் தக்கபடி செய்யப்பட்டு ஏறிவிட்டன. ஈயம் 14 கிலோ ஆனது. பேட்டரி 40 சதவீதத்துக்குக் கீழே போனால் அடுப்புக்கு மட்டும் மின்சாரம் தானாக நின்றுவிடும்படி ஒரு துண்டிப்பான் வைத்தார்கள். சுக்கானும் சமையலும் இனி ஒரே கணத்தில் அணையாது. எதை முதலில் நிறுத்துவது என்ற வரிசை, சுத்தமாக எழுதப்பட்டு, அடுப்புக்கு மேலுள்ள அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

நாங்கள் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. சிறிய எரிவாயு அடுப்பு ஒன்றை, வெளியே வடியும் சிலிண்டர்ப் பெட்டி, கசிவு உணரி எல்லாவற்றோடும், திரும்ப வைக்கலாம் என்றேன். ஆண்டுக்கு இரண்டு சிலிண்டர் செலவாகும், அவ்வளவுதான். அவர்கள் கேட்கவில்லை. மாற்று ஏற்பாடாகச் சாராய அடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது, அதுவே ஒரு ஆபத்து என்று சொன்னேன். தெரியும் என்றார் கணவர்.

இரண்டு மாதம் கழித்து மூன்று நாள் சோதனைப் பயணம் போனார்கள், இம்முறை பாய் விரித்து, நகர்ந்துகொண்டே. புதிய நோட்டின் முதல் பக்கத்தில் வரவு 2.4, செலவு 2.3 என்று இருக்கிறது. கீழே கோடு போடவில்லை. பக்கத்தில் பென்சிலால், "இரண்டாம் நாள் மேகமில்லை, மேகத்தோடு ஒருமுறை பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தது.